படிக்கட்டுக் கொசு மெஷின்

கம்பியில்லாமல் வருகிற எதையும் சக்கரபாணி நம்பியதில்லை. முப்பத்து நான்கு வருஷம் மின்கம்பம் ஏறி இறங்கிய உடம்பு அது. மின்சார வாரியத்தில் உதவியாளாகச் சேர்ந்து, லைன்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மொய்க் கவரோடு டெஸ்டரும் கூடவே போகும். ஒரு இடத்தில் வெளிச்சம் வேண்டுமா, கம்பி இழு. அவருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனுஷன், காற்றில் வருகிற இன்டர்நெட்டைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளிவிடுமாம் என்று ஒரு பெட்டியைத் தேடிக்கொண்டு, சித்திரை வெயிலில் சின்னக்கடைத் தெருவில் நின்றுகொண்டிருந்தார் என்றால், தலையெழுத்து என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

அவர் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. அந்தப் பக்கம் முழுக்க வாடகை அறைகள். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களை நம்பி ஆளாளுக்கு மாடி எடுத்திருந்தார்கள். சக்கரபாணியும் ஓய்வுப் பணத்தில் மாடியில் பின்பக்கமாக ஒரு அறையும் குளியலறையும் கட்டினார். ஒயரிங் அவரே நின்று செய்தது. சுவர் முக்கால் அடி. கான்கிரீட்டுக்குக் கம்பியைக் கஞ்சத்தனம் பார்க்காமல் போட்டிருந்தார். இடி விழுந்தாலும் அசையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் தட்டித் தட்டிக் காட்டுவார். அந்தச் சுவர்தான் இப்போது வைஃபையை உள்ளே விடாமல் மறித்துக்கொண்டு நின்றது.

அந்த அறையில் ஆறு மாதமாக இருந்தவள் அவருடைய ஒரே மகள் தென்றல். ஆரணியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் ராமதாஸ் முதல் வருஷம் அவள் சம்பளத்தை வாங்கிக்கொண்டான், இரண்டாவது வருஷம் கை நீட்டினான். மூன்றாவது தடவை அவன் கை ஓங்கியபோது அவள் ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதில் துணியைவிட லேப்டாப்பும் ஒயர்களும்தான் அதிகம்.

முதல் வாரம் அம்மா காசியம்மாள் அழுதாள். இரண்டாவது வாரம் யோசிக்க ஆரம்பித்தாள். காசியம்மாள் அழுகிற வரைக்கும் பயமில்லை, அவள் யோசிக்க ஆரம்பித்தால்தான் வீட்டில் ஏதாவது விபரீதம் நடக்கும் என்பது சக்கரபாணிக்கு முப்பது வருஷப் பழக்கத்தில் தெரியும்.

ஒருநாள் எதிர்வீட்டு எழிலரசி, "அக்கா, மேல லைட்டு எரியுதே, ரூமுக்கு ஆள் வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். காசியம்மாள் கண் இமைக்காமல் சொன்னாள்.

"ஆமாம்மா, ஒரு வெளிநாட்டம்மா. ஒரு வருஷம் மௌன விரதமாம். யார் மூஞ்சியும் பாக்க மாட்டாங்களாம். கதவத் தட்டினாகூட விரதம் கெட்டுப்போயிடுமாம்."

வேறு ஊராக இருந்தால் வாயால் சிரிக்க மாட்டார்கள். அந்தச் சந்தில் அதை நம்பாதவர் யார்? நான்கு வீடு தள்ளி ஒருவர் மூன்று மாதமாக மலையைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்து அறைக்காரி பழம் மட்டும் தின்று உயிர் வாழ்கிறாள். அந்த வரிசையில் இதுவும் ஒன்று. எழிலரசி மாடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

சக்கரபாணி காசியம்மாளை உள்ளே கூப்பிட்டார். "இன்னாடி பொழப்பு இது? பெத்த பொண்ண வீட்டுக்குள்ளயே ஒளிச்சி வெக்கறதா?"

"பின்ன, வாழாவெட்டியா வந்து உக்காந்துட்டான்னு தெருவெல்லாம் சொல்லணுமா? நாலு மாசம் போனா மாப்பிளயே வந்து கூப்பிடுவாருங்க. அது வரைக்கும்தான். நீங்க வாய மட்டும் தெறக்காதீங்க."

"எதையாவது பண்ணித் தொலை," என்றார் சக்கரபாணி.

அப்படிச் சொன்னதைத் தன் எதிர்ப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். காசியம்மாள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்துக்கொண்டதுதான் சரி.

அதிலிருந்து ஆறு மாதம். தென்றலின் துணி மாடி அறைக்குள்ளேயே காய்ந்தது. அவள் சிரித்தால் காசியம்மாள் கீழேயிருந்து இருமுவாள். மத்தியானம் சோற்றுத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, திருட வந்தவன் மாதிரி சக்கரபாணி படியேறுவார். தன் வீடு, தன் மகள், தன் காசில் வாங்கிய அரிசி. சீ என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொள்வார். ஆனால் ஒருநாளும் பார்க்காமல் ஏறியதில்லை.

மௌன விரதம் இருக்கிற அம்மாவுக்கு வேலை என்ன தெரியுமா? நாள் முழுக்கப் பேசுவது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக, ஆஸ்பத்திரிக் காப்பீடு எடுத்தவர்களின் போன்களுக்கு வீட்டிலிருந்தபடியே பதில் சொல்கிற வேலை. காலை பதினொன்று முதல் ராத்திரி எட்டு வரை. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யாருடைய அம்மாவுக்கோ எந்த ஆபரேஷனுக்கோ பணம் பாஸாகிவிட்டது என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பாள். போன் பேச்செல்லாம் இன்டர்நெட் வழியாகத்தான் வரும். இன்டர்நெட் பெட்டியோ கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. முக்கால் அடிச் சுவரையும் கான்கிரீட்டையும் தாண்டி மேலே வந்து சேரும்போது அதற்கு உயிரே இருக்காது.

அந்த மாதம் இரண்டு தடவை பேச்சு நடுவில் அறுந்துவிட்டது. கம்பெனியிலிருந்து எழுத்தில் எச்சரிக்கை வந்தது. இன்னொரு தடவை, ஐந்து நிமிஷத்துக்கு மேல் லைன் போனால் ஒப்பந்தம் ரத்து.

தென்றல் அதை அப்பாவிடம் காட்டினாள். அழவில்லை. "வேலையும் போச்சின்னா அம்மா என்னை ஆரணி பஸ்ல ஏத்திடும்ப்பா. நீ வேணாம்னு சொல்ல மாட்ட. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையத் தூக்கிக்கினு வருவ."

சக்கரபாணிக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது பொய்யில்லை. அன்று காலைதான் காசியம்மாள் அதையே சொல்லியிருந்தாள், வேலையும் இல்லாவிட்டால் அவள் இங்கே என்ன செய்வாள் என்று. அவர் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கம்பி இழுத்துடறேன்மா," என்றார். "கீழேருந்து படிக்கட்டு ஓரமா கிளிப் அடிச்சி நேரா உன் டேபிளுக்கு. அரை நாள் வேல."

கேட்டுக்கொண்டே வந்த காசியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஹால்லேருந்து மேல கம்பி போனா பாக்கறவங்க கேக்க மாட்டாங்களா? மௌனத்துல இருக்கற அம்மாவுக்கு எதுக்கு நெட்டுன்னு?"

"அப்ப ஃபைபர்காரனக் கூப்ட்டு பெட்டியையே மேல மாத்திடலாம்."

"அவன் மேல ஏறி இவளப் பாத்தான்னா அன்னிக்கி சாயந்தரமே ஊர் பூரா தெரிஞ்சிடும்."

தென்றல் மெதுவாகச் சொன்னாள். "நான் ஹால்ல உக்காந்துகினா ஒரு பிரச்சினையும் இல்ல. பெட்டி அங்கதான இருக்குது."

அலையைத் தள்ளிவிடுகிற பெட்டி ஒன்று கடையில் விற்கிறது என்று சக்கரபாணி கேள்விப்பட்டிருந்தார். கடைசியில் அவர்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார். அதுதான் சுலபமாக இருந்தது.

சின்னக்கடைத் தெருக் கடைக்காரர் அறிவுச்செல்வன் மூன்று பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்றுக்கு ஆன்டெனாக் கொம்பே இல்லை. ஒன்றுக்கு இரண்டு. இன்னொன்றுக்கு நான்கு. அட்டையில் எண்களாக அச்சடித்துத் தள்ளியிருந்தார்கள். எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, மூவாயிரம். எது வேகம், எது தூரம், எது விலை என்று ஒன்றும் புரியவில்லை. அட்டையில் ஒரு குடும்பமே சோபாவில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதில் மகளும் இருந்தாள். ஹாலில்தான் உட்கார்ந்திருந்தாள். சக்கரபாணி அட்டையைத் திருப்பிப் போட்டார்.

"எவ்ளோ தூரம் சார்? நடுவுல எத்தன செவுரு?" என்று கேட்டார் அறிவுச்செல்வன். "இதுல ரெண்டு விதமா அலை வரும். ஒண்ணு வேகம் ஜாஸ்தி, ஆனா செவுத்தத் தாண்டாது. இன்னொண்ணு வேகம் கம்மி, செவுத்தத் தாண்டி தூரம் போவும். உங்களுக்கு ரெண்டாவதுதான் முக்கியம். மேல யாரு சார் இருக்காங்க, படிக்கற பசங்களா?"

சக்கரபாணி அட்டையைத் தள்ளி வைத்தார். அது வரைக்கும் அந்தப் பொய்யைக் காசியம்மாள்தான் சொல்லிவந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு நின்றதோடு சரி.

"ஒரு... வெளிநாட்டம்மா," என்றார்.

"அப்ப கவலைய விடுங்க சார். ரெண்டு மடங்கா வாடகையில ஏத்திடுங்க. அவங்களுக்கு இன்னா தெரியும்?"

எச்சில் கசந்தது. எது எதற்குப் பொருந்தும் என்று பார்க்கக்கூடச் சக்கரபாணிக்குப் பொறுமையில்லை. கொம்பு ஜாஸ்தி இருந்தால் ஜாஸ்தி இழுக்கும் என்று நாலு கொம்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியோடு வந்த தாளை மடித்துத் தென்றலிடம் கொடுத்துவிட்டார். அவரா படித்துப் பார்த்து மாட்டுகிறவர்? கடைக்கோடி கிராமங்களில் லோ வோல்டேஜ் என்று ஜனங்கள் வந்து நின்றால் அவர் என்ன சொல்வார்? ஸ்டெபிலைசர் வாங்கி வை என்பார். எங்கே வைப்பது? எந்த வீட்டில் வோல்டேஜ் இல்லையோ அந்த வீட்டில். ஆகவே எந்த அறையில் சிக்னல் இல்லையோ அந்த அறையில், தென்றலின் மேஜைக்குப் பக்கத்துப் பிளக்கில், பெட்டியைச் செருகினார்.

அதற்கப்புறம் கீழே இருக்கிற பெட்டியில் ஒரு பட்டனை அழுத்திவிட்டு, இரண்டு நிமிஷத்துக்குள் மேலே இருக்கிற பெட்டியில் ஒரு பட்டனை அழுத்த வேண்டுமாம். அவருடைய முட்டிக்கு இருபது படி. ஓடினார். அழுத்தினார். சிவப்பு விளக்கு. மறுபடி இறங்கினார், அழுத்தினார், ஏறினார். சிவப்பு. ஐந்தாவது தடவை எப்படியோ சிவப்பு மஞ்சளானது.

"சிக்னல் ஃபுல்லா காட்டுதுப்பா," என்றாள் தென்றல், போனைப் பார்த்துக்கொண்டு.

"பாத்தியா?"

"ஆனா ஒண்ணும் தெறக்கல."

நாலு கோடு முழுசாக இருந்தது. கோட்டுக்குள்ளே ஒரு சொட்டு இன்டர்நெட் இல்லை. தாளில் வேறு மாதிரி போட்டிருக்கிறது என்று தென்றல் சொல்லப் பார்த்தாள். சக்கரபாணி காதில் வாங்கவில்லை. பெட்டியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் ஷட்டருக்கு எதிரே நின்றார்.

"டூப்ளிகேட் மால குடுத்து என் தலையில கட்டிட்டியா?"

அறிவுச்செல்வன் கோபப்படவில்லை. தினம் இரண்டு பேர் அப்படி வருவார்கள் போலிருக்கிறது. "எங்க சார் வெச்சீங்க?"

"எங்க வெப்பாங்க? சிக்னல் வராத ரூம்லதான்."

"வராத எடத்துல வெச்சா அது எத எடுத்து சார் குடுக்கும்? அதுக்கே ஒண்ணும் வரலியே. பாதி வழியில வைங்க. சிக்னல் இன்னும் தெம்பா இருக்கற எடத்துல. மொதல்ல கீழ பெட்டி பக்கத்துலயே வெச்சி ரெண்டையும் சேத்துடுங்க. பச்சை வந்தப்பறம் எடுத்துக்கினு போயி பாதி வழியில மாட்டுங்க. ஓடவே வேணாம்."

சக்கரபாணிக்குக் காது சுட்டது. லைனில் தெம்பு இருக்கிற இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரைப் போடாமல் கடைசி வீட்டுக் கொல்லையிலா போடுவார்கள்? வேறு எவனாவது செய்திருந்தால் கம்பத்துக்குக் கீழேயே நிற்க வைத்துக் கிழித்திருப்பார். முப்பத்து நாலு வருஷம், தூ, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பாதி வழி என்பது படிக்கட்டுத் திருப்பம். கார்த்திகை தீபத்துக்குச் சீரியல் பல்பு போடுவதற்கென்று அவரே அங்கே ஒரு பிளக் பாயிண்ட் வைத்திருந்தார். இந்தத் தடவை கடைக்காரர் சொன்னபடி செய்தார். பச்சை வந்தது. மேலே தென்றல் ஹெட்செட்டை மாட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். ஆறு மாதத்தில் அடக்காமல் சிரித்த முதல் சிரிப்பு. கீழேயிருந்து காசியம்மாள் இருமினாள்.

அப்புறம் படியில் வந்து நின்று பெட்டியைப் பார்த்தாள். "நாலு கொம்பு வெச்சிக்கினு இது வேற பளிச்சின்னு இருக்குது. யாராவது இன்னான்னு கேட்டா?"

சக்கரபாணிக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. "கொசு மெஷின்னு சொல்லு, போ!"

அவர் கேலியாகத்தான் சொன்னார். காசியம்மாள் தலையாட்டி மனதில் வைத்துக்கொண்டாள்.

நான்கு நாள் லைன் அறுந்து போகவில்லை. ஐந்தாவது நாள் சித்ரா பௌர்ணமி.

பௌர்ணமி என்றாலே சக்கரபாணிக்கு ஆகாது. சாமி மேல் கோபமில்லை. லட்சக்கணக்கில் ஜனம் வந்து மலையைச் சுற்றிவிட்டுப் போகும், மறுநாள் காலை செருப்புப் போடாமல் நடந்த பாதை முழுக்கத் தொன்னையும் தண்ணீர் பாக்கெட்டும் மிதிபட்ட சாம்பார் சாதமுமாகக் கிடக்கும். புண்ணியத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டு நாற்றத்தை ஊருக்கு விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பார். அன்றைக்குச் செல்போன் டவரும் செத்துவிடும். இருக்கிற டவருக்கு அத்தனை போனையும் தாங்க முடியாது. ஒரு போன் போடுவதற்குள் விடிந்துவிடும். கம்பியில் வருகிற இன்டர்நெட் இருக்கிற வீடு மட்டும் பிழைத்தது.

சித்ரா பௌர்ணமிக்கு அவருடைய பெரிய அக்கா போளூரிலிருந்து வருவது வருஷா வருஷம் நடப்பது. இந்த வருஷம் மருமகள், சம்பந்தி வீட்டார் என்று ஒன்பது பேராக மத்தியானம் மூன்று மணிக்கே வேனில் வந்து இறங்கினார்கள். இறங்கியதும் எல்லோரும் தேடியது தண்ணீரை அல்ல, பிளக்கை. ராத்திரி முழுக்க நடக்க வேண்டுமே, போனில் சார்ஜ் வேண்டாமா? ஹால், சமையலறை, வாஷிங் மெஷின் பக்கம் என்று இருந்த பிளக்கிலெல்லாம் ஒயர் தொங்கியது.

அக்கா காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்தாள். "பாணி, மேல ஒரு வெள்ளக்காரம்மா மௌனத்துல இருக்குதாமே? காசி போன்ல சொன்னா."

"உம்," என்றார் சக்கரபாணி.

"பெரிய விஷயம்டா. இந்தக் காலத்துல யாரு அப்பிடி இருக்கறாங்க? உன் வீட்ல வந்து இருக்குதுன்னா நீ குடுத்து வெச்சவன்."

கொண்டுவந்த வாழைச்சீப்பிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்து, படிக்கட்டின் முதல் படியில் வைத்து, மாடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். சம்பந்தியம்மாளும் எழுந்து போய்க் கும்பிட்டாள். மேலே யாருக்கோ பல் ஆபரேஷனுக்குக் காப்பீடு கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கீழே பூஜை நடந்தது. கேட்டீர்களா கூத்தை?

"தென்றல் எப்பிடி இருக்கா? ஆரணியில நல்லாத்தான இருக்கா?" என்று கேட்டாள் அக்கா, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு.

"நல்லா இருக்கா அண்ணி," என்றாள் காசியம்மாள். "மாப்பிள தங்கமா வெச்சிருக்காரு."

சக்கரபாணி எழுந்து கொல்லைப்பக்கம் போனார். தங்கமா. மகள் வந்த அன்று அவள் தோளில் நாலு விரல் தடம் பதிந்திருந்ததை இதே காசியம்மாள்தான் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். அவர் சாக்கடையோரமாக நின்று காறித் துப்பினார். மாப்பிள்ளையை நினைத்துத் துப்பினாரா, பெண்டாட்டியை நினைத்தா, ஹாலில் உட்கார்ந்து உம் என்று சொன்னவனை நினைத்தா என்று அவருக்கே தெரியவில்லை. வாயை எத்தனை தடவை கொப்புளித்தாலும் கசப்பு போகவில்லை.

அப்போதுதான் மேலே தரையில் மூன்று தட்டு கேட்டது. டங், டங், டங்.

தென்றலுக்கு ஏதாவது அவசரமென்றால் அப்படித்தான் தட்டுவாள். இறங்கி வரக்கூடாது, கூப்பிடக்கூடாது, போனும் செத்த நாள். வேறு என்ன செய்வாள்?

சக்கரபாணி ஹாலுக்குள் ஓடி வந்து படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். திருப்பத்துப் பிளக்கில் ஒரு போன் சார்ஜாகிக்கொண்டிருந்தது. நாலு கொம்புப் பெட்டி படியில் கவிழ்ந்து கிடந்தது, வாழைப்பழத்துக்கு எட்டுப் படி மேலே.

"யாரு புடுங்கினது?"

"நான்தான்டா," என்றாள் அக்கா. "இன்னான்னு காசியக் கேட்டேன், கொசு மெஷின்னா. பட்டப்பகல்ல எதுக்குடா கொசு மெஷின் ஓடுது? கரண்டு தண்டம். கரண்டு ஆபீஸ்ல இருந்தவன் நீ, உனக்குத் தெரிய வேணாமா?"

இரண்டிரண்டு படியாகத் தாவினார். போனைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் செருகினார். சிவப்பு. அது கண் விழித்து, கீழே இருக்கிற பெட்டியைத் தேடிப் பிடித்து, பச்சைக்கு வர எப்போதும் இரண்டு மூன்று நிமிஷமாகும். சிவப்பு மினுக்கியது. மறுபடி மினுக்கியது. விட்டுவிட்டு மேலே ஏறிக் கதவைத் தள்ளினார்.

தென்றல் லேப்டாப்பைக் கையில் தூக்கிப் பிடித்து, சிக்னல் எங்கேயாவது வருமா என்று அறைக்குள் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "மூணு நிமிஷம் போயிடுச்சிப்பா. இன்னும் ரெண்டுதான். லைன்ல ஒரு பெரியவர் இருந்தாரு, அறுந்துடுச்சி."

பச்சை வரும் என்று காத்திருக்கலாம். வராமலும் போகலாம். வராவிட்டால் என்ன ஆகுமென்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆரணி பஸ். அவர் கையில் பை. ஜன்னலோரத்தில் அவள். ஏறி உட்கார்ந்ததும் அவள் அவரைத் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"வா," என்றார்.

"எங்கப்பா?"

"கீழ."

"அம்மா..."

"வாம்மான்னா!"

லேப்டாப்பை அவளிடமிருந்து வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். திருப்பத்தில் பெட்டி இன்னும் சிவப்பாகவே மினுக்கிக்கொண்டிருந்தது. தென்றல் கால் படாமல் வாழைப்பழத்தைத் தாண்டி ஹாலில் இறங்கினாள்.

ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கையிலிருந்த காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றது. காசியம்மாள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று, "ஏங்க... ஏங்க..." என்றாள்.

சக்கரபாணி டிவிக்கு எதிரே கிடந்த மேஜையிலிருந்து அவர்களுடைய பை, தண்ணீர்ப் பாட்டில், விபூதிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளினார். லேப்டாப்பை வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். தென்றல் உட்கார்ந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹாலில் இருந்த பெட்டியை லேப்டாப் உடனே அடையாளம் கண்டுகொண்டது. நாலு நிமிஷம் முப்பது விநாடி. திரையில் பச்சை வந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

"வணக்கம் ஐயா, லைன் கட்டானதுக்கு மன்னிக்கணும். உங்க மனைவியோட பில்லத்தான் பாத்துக்கினு இருந்தோம். அப்பிடியே லைன்ல இருங்க, இதோ பாக்கறேன்."

ஜன்னல் திறந்தே இருந்தது. எதிர்வீட்டில் எழிலரசி எட்டிப் பார்ப்பது சக்கரபாணிக்குத் தெரிந்தது. பார்க்கட்டும் என்று விட்டார்.

அக்காதான் முதலில் தெளிந்தாள். "டேய், இது தென்றல் இல்ல? இவ எப்ப வந்தா? மேல இருந்த அம்மா எங்க?"

"எந்த அம்மாவும் இல்லக்கா!" சக்கரபாணியின் குரல் ஹாலை அதிர வைத்தது. ஆறு மாதம் உள்ளே கிடந்தது எல்லாம் ஒன்றாக வந்தது. "நீ கும்பிட்டது இவளத்தான். வெள்ளக்காரியும் இல்ல, மௌனமும் இல்ல. ஆரணியில அந்த நாயி அடிச்சிது, வந்துட்டா. வந்து ஆறு மாசமாவுது. கொண்டாந்து ஹால்ல உக்கார வெக்க வேண்டியவள மேல போட்டு மூடி வெச்சோம், நானும் காசியும். சோத்தக்கூட திருட்டுத்தனமாத்தான் தூக்கிக்கினு போனேன். அந்தப் பெட்டி கொசு மெஷினும் இல்ல. கீழ இருக்கற நெட்ட மேல ஒளிச்சி வெச்ச பொண்ணுக்கு எடுத்துக் குடுக்கறதுக்கு நான் வாங்கினது. இவ கீழ உக்காந்திருந்தா அந்தக் கருமமே தேவையில்ல!"

காசியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "அடிச்சானா? எவ்ளோ நாளா அடிச்சான்?" என்று கேட்டாள்.

அப்போது தென்றல் ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அப்பா, கொஞ்சம் மெதுவா பேசு. லைன்ல ஆள் இருக்காங்க."

சக்கரபாணி அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.